ஆளை இருத்திய பிறகே சஹன்

என் பிரியமான பரீனா மதினிக்கு,

ஸலாம். நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடிக்குள் நாங்கள் பெண்கள் வருவதில்லை, ஸலாத்தை நானாவிடம் கொடுத்தனுப்பலாம். ஆனால் இந்தச் செய்தியை என் கூடப்பிறந்த அந்த மனிதர், உங்கள் அருமை மாப்பிள்ளை, கப்ரடியில் நின்று ஒழுங்காகச் சொல்வாரா? பாதியை மறந்து மீதியை மாற்றிச் சொல்வார். அதனால்தான் எழுதுகிறேன். ஊரும் வாசிக்கட்டும், எனக்கென்ன!

மதினி, வென்றுவிட்டோம்! உங்கள் கம்பியூட்டர் திரும்ப எழும்பிவிட்டது.

அலுவிகாரையில் பின்னேரத்து இடி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அப்படி ஒன்று விழுந்து, நாம் இருவரும் ஒரே அறையில் இருந்து சண்டை பிடித்துக்கொண்டே வேலை பார்த்த அந்த மிளகு ஸ்டோரின் பெரிய மெஷின் செத்துப்போனது. எந்தச் சாக்கு எந்த ஊர் மிளகு, பரிசோதனையில் என்ன சொன்னார்கள், எல்லாம் அதற்குள்தான். அது இல்லாமல் வெளிநாட்டுக்காரன் ஒரு சாக்கைக்கூடத் தொடமாட்டான். கலேவெலயிலிருந்தும் நாலந்தாவிலிருந்தும் வந்த மிளகு ஸ்டோர் நிறைய அடுக்கியிருக்கிறது. கொண்டெயினரும் சொல்லியாயிற்று.

முதலாளி ஹாஜியார் தலையில் கைவைத்து இருந்துவிட்டார். "பரீனா செஞ்ச பெக்கப்ப நம்பி இருந்தமே, இப்ப அந்தப் புள்ளயும் இல்லியே" என்றார். எனக்குச் சுருக்கென்று குத்தியது.

"அவ இல்ல ஹாஜியார். அவ செஞ்சது இருக்கு!" என்றேன், கொஞ்சம் சத்தமாகத்தான். என் வாய் உங்களுக்குத் தெரியாததா?

அந்தப் பெக்கப் இருக்கும் டேப்பைக் கொண்டுவந்தது யார் தெரியுமா? நானாதான். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போகும்போது என்னிடம் டேப்பை வாங்கிப்போய், உங்கள் அலுமாரியில் சாரிகளுக்கு நடுவில் வைக்கும் பழக்கத்தை அவர் இன்னும் விடவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. "பரீனா வெக்கச் சொன்னா, வெக்கிறேன்" என்பார். அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து வந்த டெக்னீஷியன் புது டிஸ்க் போட்டதும் ஹாஜியாருக்குப் பொறுக்கவில்லை. "மிளகு லைப்ரரிய மொதல்ல எடுங்க, மத்ததெல்லாம் பொறகு பாப்பம்!" (வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: இது புத்தகசாலை இல்லை, கம்பியூட்டருக்குள் கோப்புகளைச் சேர்த்துக் கட்டி வைக்கும் அறை.)

உங்கள் தங்கச்சியின் கல்யாணம் நினைவிருக்கிறதா? ஆட்கள் வந்து இருக்கும் முன்பே யாரோ, பலர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் அந்தப் பெரிய சஹன் தட்டுகளைப் பரத்திவிட்டார்கள். ஆறு பேர் இருக்கவேண்டிய சஹனில் ஒன்றில் மூன்று பேர், இன்னொன்றில் எட்டுப் பேர், சோறும் ஆறிப்போனது. மறுநாள் வேலைக்கு வந்ததும், டேப்பிலிருந்து மெஷினை எழுப்புவதற்கும் அதையே சட்டமாக்கிவிட்டீர்கள். "மொதல்ல ஆள இருத்து. பொறகு சஹன வை. அதுக்குப் பொறகுதான் எந்த எறச்சித் துண்டு யாருக்கெண்டு பாரு."

முதலில் மெஷினைப் பாவிக்கும் ஆட்களின் பெயர்கள். பிறகு லைப்ரரிகள், அதிலும் மூலக் கோப்புகள் இருப்பது முன்னே, அவற்றில் சாய்ந்து நிற்பவை பின்னே. கடைசியில், யார் எதைத் திறக்கலாம் என்ற அனுமதி. ஒதுக்கிவைத்த பழைய மெஷினில் இதை எத்தனை தடவை ஒத்திகை பார்க்க வைத்தீர்கள்! "கல்யாணமே இல்லாத ஊட்டுல சஹன் வெக்கிறீங்களே மதினி" என்று நான் சிரித்தால், "இப்ப சிரி. கல்யாணத்தண்டு அழமாட்டாய்" என்பீர்கள்.

டெக்னீஷியனும் வேலை தெரிந்தவர், ஆட்கள்தான் முதலில் என்று ஹாஜியாருக்குச் சொல்லிவிட்டார். ஆனால் பெயர்ப்பட்டியலில் ஓரிடத்தில் நின்றார். "இது மௌத்தான மிஸ்ஸுடைய பெயர்தானே? இதை விட்டுவிடுவோம்" என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார். ஹாஜியார் தலையாட்டினார். போனவருடைய பெயரை உள்ளே விடக்கூடாது என்பது முறைதான். நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"ஐயோ, வேணாம்! எல்லா லைப்ரரிக்கும் சொந்தக்காரி அவதான்!"

நீங்கள் கட்டிய அறைகள் அல்லவா? உங்கள் பெயர் அங்கே இல்லையென்றால், வந்து சேரும் ஒவ்வொரு கோப்பும் அநாதையாகத்தான் நிற்கும். யாருக்குத் திறக்கும், யாருக்குத் திறக்காது என்று அல்லாஹ்தான் அறிவான். டெக்னீஷியன் பட்டியலைத் திரும்பப் பார்த்தார். "மிஸ் சொல்றதுதான் சரி" என்று உங்கள் பெயரையும் சேர்த்து உள்ளே எடுத்தார்.

திரையில் மற்றவர்களோடு உங்கள் பெயரும் வந்தது மதினி. டேப்பைக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்ற நானா அதைப் பார்த்துவிட்டார். "நம்மட பரீனா" என்றார். பிறகு வெளியே போய்விட்டார். எனக்கும் அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்ததை ஓடவிட்டேன்.

ஒவ்வொரு லைப்ரரியாக வந்தது. வந்ததெல்லாம் உங்களிடமே வந்து சேர்ந்தது. அனுமதிகளையும் போட்டு முடித்து, கண்ணில் பட்ட ஒரு சாக்கின் இலக்கத்தைத் தட்டினேன். கலேவெல, தோட்டக்காரர் பெயர், பரிசோதனை முடிவு, எல்லாம் அச்சொட்டாக நின்றது! ஹாஜியார் போட்ட "அல்ஹம்துலில்லாஹ்" சத்தத்தில் மிளகு புடைக்கும் பெண்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள். கொண்டெயினர் சொன்ன நாளில் போனது. அந்தச் சந்தோஷத்தில் ஹாஜியார் ஸ்டோரிலேயே சஹன் சாப்பாடு போட்டார். "மொதல்ல ஆள இருத்துங்க!" என்று அவரே கத்தியதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உங்களுக்குக் கேட்டிருக்குமா?

இனி ஒன்று. மௌத்தானவர் பெயரில் சாமானை வைத்துக்கொண்டிருந்தால் முதலில் ஏசுவது நீங்கள்தான். தெரிந்தும், உங்கள் பெயரில் கைவைக்க மனம் வராமல் இத்தனை நாள் இழுத்தடித்தேன். வரும் வெள்ளிக்கிழமை எல்லா லைப்ரரிகளையும் என் பெயருக்கு மாற்றுகிறேன். முழுவதையும் திரும்ப டேப்பில் எடுத்து நானாவின் கையில் கொடுப்பேன். ஒத்திகையையும் விடமாட்டேன். நீங்கள் கட்டியதில் ஒரு கோப்புக்கூட அநாதையாகாது, இது என் வாக்கு.

முதலில் ஆளை இருத்தச் சொன்னீர்களே. உங்கள் இடத்தில் நான் இருந்துவிட்டேன், மதினி.

உங்கள் மாப்பிள்ளையின் தங்கச்சி,
உங்கள் சண்டைக்காரி,
ரிஸ்னா