சவுக்குக் காட்டு நோட்டில் நான் எழுதிய பொய்

என் மாப்ளே காதருக்கு,

மண்ணுக்குள் இருப்பவனிடம் "நல்லா இருக்கியா" என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. காட்டைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். நம் சவுக்குக் காடு போய்க்கொண்டிருக்கிறதடா.

கடலோரத்துத் தெற்கு வரிசை முழுக்க வெட்டியாகிவிட்டது. வெட்டியதை அங்கேயே குவித்துக் கொளுத்துகிறார்கள். காட்டுக்குள் ஒரு பீடித் துண்டைப் பார்த்தாலே ஊரைக் கூட்டுவாயே, இப்போது ஆபீஸ் ஆட்களே நின்று தீ வைக்கிறார்கள். நானும்தான் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்தேன்.

எத்தனை வருஷம், எத்தனை திங்கட்கிழமை! எண் போட்ட மரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சருகில் தீப்பட்ட தடம் உண்டா, பட்டையைப் புழு தின்றிருக்கிறதா, கொப்புள நோய் கிளம்பியிருக்கிறதா? நீ நகத்தால் கீறிப் பார்த்துக் கத்துவாய், நான் நோட்டில் எழுதுவேன். உனக்குக் கையெழுத்து கோணல், எனக்குக் கண் மந்தம். ரெண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு வனக்காவலர் என்று ரேஞ்சர் கேலி செய்வார்.

கடைசித் திங்கட்கிழமை, வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் நின்றுவிட்டாய். "மச்சான், இந்த ரெண்டு மரமும் எனக்குச் சரியாப் படல. பட்டை உப்பிக்கிட்டு இருக்கு. எழுதிக்க."

"எழுதினா நாளைக்கே ஆபீஸ்லேருந்து வண்டி கட்டிக்கிட்டு வந்துடுவாங்கடா. அடுத்த வாரம் பார்த்துட்டு எழுதிக்கலாம்" என்றேன். எனக்கு வெயில், பசி. நீயும் அரைமனசாகச் சரி என்றாய். வியாழக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய்.

அடுத்த திங்கட்கிழமை காட்டு ஓரம்வரை போனேன். கால் உள்ளே போக மறுத்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, முந்தின வாரம் எழுதியதைப் பார்த்து எழுதினேன்: "எல்லா மரமும் நலம்." உனக்கு நாற்பதாம் நாள் பாத்தியா ஓதும் வரைக்கும் வாராவாரம் அதையே செய்தேன். துக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். துக்கமா, சோம்பலா? இன்றைக்கும் தெரியவில்லை.

பிறகு போனபோது கீறிப் பார்க்க வேண்டியிருக்கவே இல்லை. கொப்புளம் தானாக வெடித்துக் கரித்தூளாகக் கொட்டிக் கிடந்தது. காற்று அந்த நோயை வரிசை வரிசையாகப் பரப்பியிருந்தது.

ரேஞ்சர் நோட்டைப் புரட்டினார். "இது வந்து ரெண்டு மாசமாவது ஆகியிருக்கும். காதர் இருந்தப்பவே வந்திருக்கு. உனக்குக் கண்ணு தெரியாது, உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. அவரு எப்படித்தான் விட்டாரோ! சரி, போனவர் மேல என்னத்தச் சொல்றது, விடுய்யா" என்றார்.

நான் விட்டுவிட்டேன், மாப்ளே. வாயைத் திறக்கவில்லை. அயோக்கியப் பயல் நான்.

இப்போது கடல் காற்று தடுப்பார் இல்லாமல் ஊருக்குள் வருகிறது. நேற்று உன் வீட்டு ஓடுகள் பறந்துவிட்டன. மாற்றிப் போடக் கூரைமேல் ஏறினேன். உன் வீட்டுக்காரி, எனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி நூர்ஜஹான், கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அண்ணே, அவங்க பார்க்காம விட்டதாலதான் காடு போச்சுன்னு ஊரே பேசுது. அப்படியாண்ணே?"

ஓட்டைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீங்களும் கூடத்தானே இருந்தீங்க" என்றது. நான் வேலையை முடிக்கும்வரை ஏணியை மட்டும் விடவில்லை.

வெட்டிய இடத்தில் புதுக் கன்று வைக்கப்போவதாகச் சொல்கிறார்கள். மண்ணிலேயே நோய் இருக்கும்போது எது பிழைக்கும்? எனக்கு நம்பிக்கை இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லாரும் வெளியே வரும்போது பள்ளிவாசல் முன்னால் நின்று சொல்லிவிடுகிறேன். "காதர் பார்த்தான், சொன்னான். எழுதாதவன் நான்." வேலை போனால் போகட்டும். ஆனால் அதற்கு முன்னால் தங்கச்சியிடம் சொல்லியாக வேண்டும். ஊருக்கு முன்னால் சொல்வதைவிட அதுதான் கஷ்டம். நாளைக் காலையில் போகிறேன், சத்தியமாகப் போகிறேன். கதவைச் சாத்திக்கொண்டாலும் வெளியே நின்று சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன்.

இதற்குப் பிறகும் உனக்கு மச்சானாக இருக்க ஆசைப்படும்,
முருகையன்