பலகைத் தரை வீட்டுக்கு நான் வந்த கதை

என் உயிரான ராத்தாவுக்கு,

அல்லாஹ் உங்கள் கப்றை விசாலமாக்கி வைக்கட்டும். நீங்கள் மௌத்தாகி ஏழு மாதமாகிறது. முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பதறாதீர்கள். நான் இப்போது நம் வீட்டில் இல்லை. சாய்ந்தமருதில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.

"என்னத்துக்கு புள்ள போன?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது.

உம்மா அந்த வீட்டை உங்களுக்குச் சீதனமாகக் கொடுத்தபோது, தங்கச்சியும் இங்கேதான் இருப்பாள் என்று கலியாணத்துக்கு முன்பே மச்சானிடம் சொன்னீர்கள். எனக்கு வந்த வரன்களெல்லாம் தட்டிப்போய், இந்த நாற்பத்திரண்டு வயது வரை, அங்கே ஒரு நாளும் நான் மேலதிகமான ஆளாக இருந்ததில்லை.

உங்கள் நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பின்னேரம், மச்சானுடைய உம்மா முன்மண்டபத்தில் கதையைத் தொடங்கினார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"வெளியில என்னத்துக்கு பொண்ணு தேடுற? தங்கச்சிக்காரி வீட்டோடயே இரிக்கா. புள்ளைக்கும் உம்மா கிடைச்ச மாதிரி."

மச்சான் தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து அவர் பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை. மகரிபு தொழுகைக்குப் பிறகு வாசலில் நின்று செருமுவார். நான் அறைக்குள் போன பிறகுதான் உள்ளே வருவார். தன் மகள் நஸ்ஹா இருக்கும் வீட்டுக்குள் ஒரு மனிதர் அந்நியரைப்போல வருவதை எத்தனை நாள் பார்ப்பது? நஸ்ஹாவுக்குப் பரீட்சை வருகிறது, அவளுடைய வாப்பா போக முடியாது. போக வேண்டியவள் நான்தான்.

வீடு தேடினேன். இரண்டு இடத்தில் தனிப் பொம்பிளைக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். மூன்றாவது, கத்தாரில் பலகைத் தரை பதிக்கும் வேலை செய்துவிட்டு வந்த ஒருவருடைய மாடி. அவருடைய மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தனியவா ரீச்சர்? ஏன், வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மச்சான்! நான் வீடு பார்க்கப் போனதை நஸ்ஹா சொல்லியிருக்கிறாள்.

"பிரச்சினை ஒண்டும் இல்ல. இவ என்ட பொஞ்சாதிர தங்கச்சி" என்றார். "ஊருல ஒரு கதை வரக்கூடாதெண்டு வெளிக்கிடுறா. இவவுக்கு ஒரு தேவை எண்டா நாங்க இரிக்கம்."

அந்தப் பெண் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

தேன் நிறப் பலகைத் தரை ராத்தா. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் உங்களுக்கு அது வீடு. இங்கே தண்ணீர் ஊற்றவே கூடாது, பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. ஆனால் தொழும்போது சுஜூதில் நெற்றி வைத்தால் சில்லென்று இருக்காது. என் முழங்காலும் இப்போது முறைப்பாடு சொல்வதில்லை.

எல்லாம் நடை தூரம்தான். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம், மீன் சந்தை, கிளினிக், கடற்கரை எல்லாவற்றுக்கும் குடையை எடுத்துக்கொண்டு நடக்கிறேன். தக்காளி வாங்கப் போகவும் மச்சானின் மோட்டார் சைக்கிளுக்குக் காத்திருப்பீர்களே, உங்களை ஒரு நாளாவது இப்படி நடத்திக் கூட்டிப்போகாமல் விட்டுவிட்டேனே!

நஸ்ஹா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை புத்தகங்களோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். "உம்மாவும் போயிட்டா, நீங்களும் போயிட்டீங்க சாச்சி" என்றாள். அதற்குமேல் எப்படி மறைப்பது? அவளுடைய மூத்தம்மா அன்றைக்கு முன்மண்டபத்தில் சொன்னதைச் சொன்னேன்.

புத்தகத்தை மூடிவைத்தாள். "இந்தக் கலியாணத்த ஆர் வேணாமெண்ட? வாப்பாவா, நீங்களா?"

"ரெண்டு பேரும்தான்."

"உம்மாக்கு இது தெரிஞ்சிருக்கோணும்" என்று சிரித்தாள். அப்படியே அழுதாள். நானும் அழுதேன். அன்றைக்கு அசர் தொழுகை நேரம் வரை இருந்து படித்துவிட்டுத்தான் போனாள். இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் வருகிறாள். மச்சான் பகலுக்கு வீட்டுக்கு வருகிறாராம். அவர் சமைக்கும் பருப்பைத் தின்ன முடியவில்லையாம்.

அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. என்றைக்காவது அவர் இன்னொருத்தியைக் கலியாணம் முடிக்கலாம். அப்படி முடித்தால், வலீமா விருந்துக்கு முதல் ஆளாக நான் போவேன். அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்து வாழ்த்துவேன், பிரியாணியும் வயிறு நிறையச் சாப்பிடுவேன். பிறகு இந்த மாடிக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, உங்களுக்காக ஒரு நாள் முழுக்க அவரோடு கோபமாக இருப்பேன். இது சத்தியம்.

என்றும் உங்கள் தங்கச்சி,
நஸ்ஹாவின் சாச்சி