பொனட்டைத் திறக்காமல் வாங்கிய கார்

மச்சான்,

மண்ணுக்குள் உறங்குகிற உங்களுக்கு என் ஸலாம். கலியாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன், இன்றைக்கும் வேறு விதமாகக் கூப்பிட வாய் வரவில்லை. நம் ஊரில் பெண்கள் மையவாடிக்கு வருவதில்லை. வர முடிந்திருந்தால் இந்தக் கோபத்தை உங்கள் தலைமாட்டில் நின்றே கொட்டியிருப்பேன். முடியாததால் எழுதுகிறேன், வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும்.

கோபம் யார் மேல் என்று கேட்பீர்கள். முதலில் உங்கள் கூட்டாளி றியாஸ் மேல். அதற்குப் பிறகு என் மேல். கொஞ்சம் உங்கள் மேலும்தான்.

கார் வாங்க வேண்டும் என்று தொடங்கியவர் நீங்கள். நம் மகள் ஹானாவுக்கு நடக்க ஏலாது. கிழமைக்கு ஒருதரம் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். பஸ்ஸில் அவளைத் தூக்கி ஏற்றுவதற்குள் கொண்டக்டரின் முகம் சுருங்கிவிடும். மோட்டார்சைக்கிளில் நம் இரண்டு பேருக்கும் நடுவில் இருத்திக் கொண்டுபோனால் மழைக்கு மூன்று பேரும் நனைவோம். "இனிப் பிள்ளைய நனைய விட ஏலா. பழசாப் பாத்து ஒரு கார் எடுப்பம்" என்றீர்கள். நீங்கள்தான் என்னை ஓட்டப் பழகவைத்து லைசனும் எடுக்கவைத்தீர்கள். பிறகு ஒரு நாள் சுபஹுத் தொழப் போன உங்களைப் பள்ளியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நான் இத்தா இருந்தேன். புருஷனை இழந்தவள் மாதக்கணக்கில் வீட்டோடு, அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்க வேண்டிய காலம். அந்தக் காலத்தில்தான் றியாஸ் வந்தார். உங்களோடு ஒன்றாகப் படித்தவர், வாகனம் வாங்கி விற்கிறவர், உங்கள் ஜனாஸாவைச் சுமந்தவர். அவரை மட்டும் நான் எப்படிச் சந்தேகிப்பேன், சொல்லுங்கள்.

அவர் வாசலில் நின்றார், நான் திரைக்கு இந்தப் பக்கம். "தங்கச்சி, அவன் எனக்குச் சொல்லி வெச்ச விசயம். ஒரு ஹாஜியார் வீட்டுக் கார் வந்திரிக்கி. வீட்டுக்கும் பள்ளிக்கும்தான் ஓடினது. விட்டா இன்னொருத்தர் எடுத்திடுவார்" என்றார்.

என் தம்பி நவாஸ் அவரோடு வெளியே போனான். காரை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது. "கேட்டீங்களா தங்கச்சி, சத்தமே இல்ல" என்றார் றியாஸ். ஓம், சத்தம் இல்லைதான். ஜன்னல் வழியாக அத்தர் வாசனை மட்டும் வந்தது. முன்கண்ணாடியில் பிரயாண துஆ ஒட்டியிருக்கிறது என்று தம்பி சொன்னான். மார்க்கமுள்ள ஆள் வைத்திருந்த கார் என்று நினைத்து நான் அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன். நீங்கள் விட்டுப்போன காசை அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தபடியே தம்பியின் கையில் கொடுத்தனுப்பினேன். காதாலும் மூக்காலும் கார் வாங்கியவள் உங்கள் பெண்சாதி.

இத்தா முடிந்து முதன்முதலாக ஹானாவைக் காரில் ஏற்றியபோது, அவளது சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடம் போதவில்லை. முன்சீட்டை முன்னுக்குத் தள்ளப் பார்த்தேன். அசையவில்லை. கையை விட்டுத் துழாவினேன். சீட்டு ஓடுகிற தண்டவாளம் முழுக்கக் காய்ந்த சேறு, அதற்குள் நெல்லுப் பதர். பள்ளிக்கு மட்டும் ஓடிய காருக்குள் பதர் எப்படி வந்தது? அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். ஹாஜியாருக்கு வயல் இருந்திருக்கும், மூட்டை ஏற்றியிருப்பார் என்று நானே அவருக்காக ஒரு சாட்டுக் கண்டுபிடித்தேன்.

களுவாஞ்சிக்குடி தாண்டினதும் மழை பிடித்தது. கார் இருமி இருமி நின்றது. இறக்கியிருந்த ஜன்னல் கண்ணாடி திரும்ப ஏறவில்லை. நாம் எந்த மழைக்குப் பயந்து கார் எடுத்தோமோ, அந்த மழை காருக்குள்ளேயே வந்து நம் பிள்ளையின் மடியில் கொட்டியது. என் முந்தானையை அவள் தலைமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். "உம்மா, வாப்பாட மோட்டார்சைக்கிள் இப்பிடி நடுவழியில நிக்காதே" என்றாள்.

வந்த வழியே திரும்பி, காரைக் கட்டி இழுத்துப் பாண்டிருப்பில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனோம். கதவின் உள்பக்கத்தைக் கழற்றிக் காட்டினார்கள். உள்ளே வண்டல் படிந்திருந்தது, அதற்கு மேல் புது வயர். "வெள்ளத்துக்குள்ள நிண்ட கார் அக்கா இது. தெரிஞ்சுதான் மூடியிரிக்காங்க" என்றார்கள். அத்தர் எதற்கு அடித்தது என்று அப்போது விளங்கியது.

றியாஸுக்கு ஃபோன் எடுத்தேன். "நாவிதன்வெளிப் பக்கம் கொஞ்சம் தண்ணி பட்டதுதான் தங்கச்சி. ஒண்டும் பெரிசா இல்ல. உங்கட தம்பி பாத்துத்தானே எடுத்தார்" என்றார். தம்பியைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். "மௌத்து நடந்த வீடு ராத்தா. மச்சான்ட கூட்டாளி. அவருக்கு முன்னால பொனட்டத் திறந்து பாத்தா சந்தேகப்பட்ட மாதிரி ஆகிடாதா?" என்றான்.

இதுதான் மச்சான், உங்கள் மேல் இருக்கிற கோபம். "நம்மட ஆள்" என்பீர்கள் எப்போதும். கடன் கேட்டு வந்தவனும் நம்மட ஆள், கூரையை ஒழுகவிட்டுப்போன மேசனும் நம்மட ஆள். அந்தச் சொல்லை எங்கள் வாயிலும் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். ஊரும் அதையே சொன்னது. "சபுர் பண்ணுங்க, பொறுமையா இரிங்க, நம்மட ஆள பொலிஸுக்கு இழுக்காதீங்க" என்றார்கள். நனைந்த பிள்ளை மட்டும் யாருடைய ஆள்?

போன மாதம் றியாஸ் வந்தார், வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக, கூட இரண்டு சொந்தக்காரர்களோடு. மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறாராம். போகிறவர்கள் வீடு வீடாக வந்து மன்னிப்புக் கேட்பதும், வீட்டுக்காரர் உடனே மன்னித்துவிட்டோம் என்பதும் நம் வழக்கமல்லவா. "தெரிஞ்சோ தெரியாமலோ பிழை நடந்திருந்தா ஹலாலாக்கி விடுங்க தங்கச்சி" என்றார்.

இம்முறை திரை இல்லை. வாசலில் நேருக்கு நேர் நின்றேன்.

"எந்தப் பிழை, றியாஸ் காக்கா? பேர் சொல்லிக் கேளுங்க."

"பொதுவாத்தான் தங்கச்சி."

"பொதுவா எனக்கு ஒரு பிழையும் நடக்கல்ல. கார்லதான் நடந்திச்சு" என்று சாவியை நீட்டினேன். "இதக் கொண்டு போங்க. காசத் தந்திட்டுப் போங்க."

"போய் வந்து கதைப்பம்."

"வந்து இல்ல. போக முந்தி."

பக்கத்து வீட்டு ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். கூட வந்தவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். றியாஸ் சாவியை வாங்கிக்கொண்டு போய், கராஜிலிருந்து கொண்டுவந்து முற்றத்தில் விட்டிருந்த காரில் போட்டு முறுக்கினார். எஞ்சின் பிடிக்கவில்லை, ஹோன் மட்டும் தானாக அலறத் தொடங்கியது. அவரால் அதை நிறுத்த முடியவில்லை. அந்த வெள்ளை ஜுப்பாவோடு, அலறுகிற காரை நம் ஒழுங்கைத் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு சத்தத்தையும் நான்தானே இத்தனை நாள் நெஞ்சுக்குள் வைத்திருந்தேன் என்று நினைத்தேன்.

மறுநாள் தம்பியிடம் காசு வந்தது. இப்போது ஹலாலா என்று கேட்டுவிடச் சொன்னாராம். சொல்லி அனுப்பினேன்: "கார் என்ட காசு. அத நான் மன்னிச்சிட்டன். மழையில நனைஞ்சது ஹானா. அத அவதான் மன்னிக்கணும். நேர வந்து அவளுக்கிட்ட கேளுங்க."

அவர் வரவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் நாற்காலிக்கு முன்னால் குனிய அவருக்கு மனம் வரவில்லை போல. விமானம் ஏறிவிட்டார். இந்த நேரம் கஃபாவைச் சுற்றிக்கொண்டிருப்பார். அவர் தேடிப்போன மன்னிப்பு இங்கே, நம் வீட்டு மண்டபத்தில், பென்சிலால் படம் கீறிக்கொண்டு இருக்கிறது.

அந்தக் கார் அவருடைய கடை முன்னால் மறுபடி விற்பனைக்கு நிற்கிறது. கழுவி, புது அத்தர் அடித்து. அதனால்தான் உங்களுக்கு மட்டும் எழுத வேண்டியதை எல்லோரும் வாசிக்க எழுதினேன். இன்னொரு வீட்டில் இன்னொருத்தி திரைக்குப் பின்னால் இருந்து எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நாங்கள் இன்னும் பஸ்ஸில்தான் போகிறோம். ஆனால் வாக்குத் தருகிறேன், மச்சான். அடுத்த காரை நானே போய்ப் பார்ப்பேன். யார் முகம் சுருங்கினாலும் பொனட்டைத் திறப்பேன், கால்மிதியைக் கிளப்புவேன், சீட்டைத் தள்ளிப் பார்ப்பேன். மழை நாளாகப் பார்த்து, ஹானாவை இருத்தி ஓட்டிப் பார்த்த பிறகே காசை எண்ணுவேன். விற்கிறவர் உங்கள் பேரைச் சொன்னால், அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவேன்.

உங்கள் மேல் கோபம் தீராத உங்கள் பெண்சாதி,
ஹானாவின் உம்மா