என்னை ஏன் வரைந்தாய், ஸ்டெல்லா?

என் அன்பு ஸ்டெல்லாவுக்கு,

நீ செத்த பிறகாவது என்னை நிம்மதியாக விடுவாய் என்று நினைத்தேன். எங்கே விட்டாய்? போன வாரம் சேலத்தில் உன் ஓவியக் கண்காட்சியைத் திறந்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தலைவலிதான்.

அஸ்தம்பட்டியில் ஃபேனும் ஸ்விட்சும் விற்கிறவனுக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும்? ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். மனிதர்களின் நெருக்கத்தையே ஏன் வரைந்தார் என்று கேட்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்ல? டிராயிங் டீச்சராக இருந்த காலத்தில் ஏற்காட்டு மலையும் மாதா படமும் வரைந்துகொண்டு நன்றாகத்தான் இருந்தாய். உன் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தன் மனைவிக்குத் தலைவாரிச் சடை பின்னிவிடுவதைப் பார்த்தாய். அன்றோடு மலையும் போயிற்று, மாதாவும் போயிற்று.

"ஏனுங்க, கட்டிப் புடிக்கிறது மட்டுமா நெருக்கம்? ஆரும் பாக்காதப்ப ஒருத்தருக்கொருத்தர் என்ன பண்ணிக்கிறாங்கன்னு நான் பாக்கோணும்" என்றாய்.

நீ பார்ப்பதற்கு நான் வண்டி ஓட்ட வேண்டும். ராசிபுரத்தில் ஒருவர் தலைக்கு ஒருவர் டை அடித்துக்கொள்ளும் அக்கா தங்கை. எருமப்பட்டியில் மனைவிக்குக் கால் நகம் வெட்டிவிடும் ரங்கசாமி. நீ உள்ளே உட்கார்ந்து வரைவாய். நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடையில் நிற்பேன். "அடுத்தவர் வீட்டுக்குள் உன் பெண்டாட்டிக்கு என்ன வேலை?" என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதும் நான்தான் பதில் சொன்னேன். சென்னையில் உன் படங்களைக் காட்சிக்கு வைத்து, பத்திரிகையில் உன் பெயர் வந்ததும், அதே சொந்தக்காரர்கள் உன்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

படத்தில் இருப்பவர்கள் சம்மதிக்காமல் எதையும் வெளியே காட்டுவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தாய். நல்ல விதிதான். அது என் கழுத்துக்கே வரும் என்று யார் கண்டது?

கடைசி வருடம் மருந்தில் உன் முடியெல்லாம் கொட்டிவிட்டது. நிற்கத் தெம்பில்லாத உன்னை ஸ்டூலில் உட்காரவைத்து நான் குளிப்பாட்டினேன். அதைப் போயா வரைவாய்? அதுவும் ஆளுயரத்துக்கு. மாரோடு கட்டிய பாவாடையில் நீ, நனைந்த லுங்கியோடு நான். பங்குச் சாமியாரிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் வரை பார்ப்பார்களே என்று கத்தினேன். நீ பதிலுக்குச் சண்டை போட்டிருந்தாலாவது பரவாயில்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் இது வெளியே போகாது என்று சொல்லிவிட்டு, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாய். அப்புறம் நீயும் போய்விட்டாய்.

நம் மகள் ரெஜினா இந்தக் கண்காட்சிக்கு அதைக் கேட்டாள். மாட்டேன் என்றேன். அம்மாவின் விதி என்று அவளும் விட்டுவிட்டாள்.

திறப்பு நாளில் ரங்கசாமியும் அவர் மனைவி பாவாயியும் எருமப்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்கள். கொஞ்சமும் கூச்சமில்லாமல் தங்கள் படத்துக்கு முன்னால் நின்றார்கள். பாவாயியம்மா கூடம் முழுக்கச் சுற்றிவிட்டு என்னிடம் வந்து, உங்கள் படம் எங்கே என்று கேட்டார். என்னை வரையவில்லை என்று பொய் சொன்னேன்.

அவர் மோவாயில் கையை வைத்துக்கொண்டார். "பாவமே சாமி, ஊரு ஊடெல்லாம் வந்து பாத்தவிங்களுக்கு, சொந்த ஊட்டுல ஒண்ணும் கெடைக்கலீங்களா?"

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். நம் வீட்டில் ஒன்றுமில்லையாம். உனக்காகவும் எனக்காகவும் அவர் இரக்கப்படுகிறார். ரோஷம் தாங்கவில்லை. கடைக்குச் சரக்கு ஏற்றிவரும் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், படத்தைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தேன். அதற்குள் அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள். ரெஜினா நடுச் சுவரில் இடம் ஒதுக்கினாள்.

மாட்டியதும் கூட்டம் சேர்ந்தது. ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் இத்தனை நாள் கோபத்தில் நான் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. என் வலது கையில் சொம்பு. இடது கையை உன் நெற்றியில் குறுக்கே வைத்திருக்கிறேன், சோப்புத் தண்ணீர் கண்ணில் இறங்காதபடி. அப்படிச் செய்தேன் என்றே எனக்குத் தெரியாது. நீ கண்ணை இறுக மூடிக்கொண்டுதானே இருந்தாய்? பிறகு எப்படிப் பார்த்தாய்?

இதைக் கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. எப்போதும் இப்படித்தான் செய்வாய்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் எருமப்பட்டிக்குப் போவேன். பாவாயியம்மாவைக் கையோடு அழைத்துவந்து அந்தப் படத்துக்கு முன்னால் நிறுத்துவேன். கடையில் யார் கேட்டாலும், ஆமாம், அது நான்தான் என்று சொல்வேன். வேறென்ன செய்ய?

உன் வீட்டுக்காரன்,
அந்தோணி