ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லாதே

பெரியவளுக்கு,

அம்மாதான். தலையணையில் சாய்ந்து, மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணிக்கொண்டு போனால் சிரிக்காதே. போனில் பேசினால் நீ அழுகிறாய், உடனே நான் திட்ட ஆரம்பித்துவிடுகிறேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடுகிறது. வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இதைப் படிக்காதே. சாப்பிட்டுவிட்டுப் படி.

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாயே. இனிமேல் மருந்து வலிக்கு மட்டும்தான், பிடித்ததைச் சாப்பிடுங்கள் என்றார். பிடித்தது தொண்டையில் இறங்கினால்தானே ஐயா என்றேன். பாவம், சின்ன வயசு டாக்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தையல் மெஷினை மூடி வைத்துவிட்டேன். கால் மிதிக்க மாட்டேன் என்கிறது.

உன் தம்பி பகலில் போய்வருகிற சிறப்பு மையத்தின் விடுதியிலேயே அவனுக்கு இடம் கிடைத்துவிட்டது. முதலில் ஒரு ராத்திரி, அப்புறம் இரண்டு என்று தங்கப் பழக்குகிறார்கள். முதல் ராத்திரி நான்தான் தூங்கவில்லை. துரை அங்கே குறட்டை விட்டிருக்கிறார். அங்கே பொறுப்பாளராக ஒரு பெண், இடுப்பில் கொத்துச் சாவியோடு திரிவாள், இவன் சாவி அக்கா என்றுதான் கூப்பிடுவான். இவனைப் பற்றி, உடம்புக்கு முப்பத்தொன்று, மனசுக்கு ஆறு என்று நம் சொந்தக்காரர்கள் சொல்வார்களே, அதெல்லாம் அவளிடம் நடக்காது. இவன் சட்டைக்குப் பொத்தான் போட நான் ஓடினால், கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்கம்மா என்று என்னையே அதட்டுகிறாள். மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் மாட்டிக்கொண்டு வருகிறான். வரட்டும், அவனே போட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ சொன்னாயே, அவனுக்கு ஒண்ணும் புரியாது, அம்மா ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம் என்று. அன்று நான் பட்டென்று போனை வைத்தது கோபத்தில்தான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்பா இறந்த அன்று நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சித்தப்பா இவனைப் பக்கத்து வீட்டு டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டார். இவன் கேட்டதற்கு, அப்பா லோடு ஏத்திக்கிட்டுப் போயிருக்கார் என்றார். லாரிக்காரர் பிள்ளைக்கு அது நம்பக்கூடியதுதானே? போய்விட்டு வருகிற மனுஷன்தானே? அதிலிருந்து ஆரன் சத்தம் கேட்டால் போதும், எச்சில் கையோடு ஓடிப்போய்க் கதவைத் திறப்பான். குப்பை வண்டிக்கும் திறப்பான், தண்ணீர் வண்டிக்கும் திறப்பான். திறந்துவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்ப்பான். வருஷக்கணக்காக அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு இருந்தவள் நான்.

இந்த மழைக்காலத்தில் மையத்துக் கோழி ஒன்று செத்துப்போனது. கோழிகளுக்குத் தீவனம் போடுவது இவன் வேலை. வேறு யாராவது என்றால் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டு, எங்கேயோ ஓடிப்போச்சு என்றிருப்பார்கள். சாவி அக்கா எல்லோரையும் சுற்றி உட்கார வைத்து, கோழி செத்துப்போச்சு, இனிமே மூச்சு விடாது, சாப்பிடாது, திரும்பி வராது என்று சொல்லியிருக்கிறாள். தொட்டுப் பார்க்கிறவர்கள் பார்க்கலாம் என்றிருக்கிறாள். இவன் வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தானாம். குழியும் இவன்தான் வெட்டினானாம்.

வீட்டுக்கு வந்தவன் கால்கூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்து, கோழி வராது என்றான். ஆமாம்பா என்றேன். கொஞ்ச நேரம் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்பாவும் வராதா என்றான். அப்பாவும் செத்துப்போயிட்டார்பா, வரமாட்டார் என்றேன். அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை அழுதான் பார், மாடிவீட்டுக்காரர் இறங்கி ஓடிவந்துவிட்டார். ரெண்டு மூணு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தேறினான். இப்போது ஆரன் அடித்தால் தலையைத் தூக்கிப் பார்க்கிறான், எழுந்து போவதில்லை. இவனுக்கா புரியாது? யாரும் சொல்லாமல் எப்படிடீ புரியும்?

என் சேதியையும் சொல்லிவிட்டேன். சாவி அக்கா பக்கத்தில் இருந்தாள். அம்மாவும் செத்துப்போயிடுவேன்டா என்றதும், நாளைக்கா என்று கேட்டான். நாளைக்கு இல்லை என்றேன். அப்போ சாப்பிடலாம் என்றான். அவளும் நானும் சிரித்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அதனால் கேட்கிறேன். அந்த நாள் வரும்போது அவனை எங்கேயும் அனுப்பாதே. சித்தப்பா குறுக்கே வந்தால், அம்மா கைப்பட எழுதியிருக்காங்க, பாருங்க என்று இதைக் காட்டு. அவன் என்னைப் பார்க்கட்டும். தொடுவதானால் தொடட்டும், நேரமாகிறது என்று யாரும் இழுக்க வேண்டாம். சாவி அக்கா கூட இருப்பாள், ஆனால் சொல்வது நீயாக இருக்க வேண்டும். அம்மா செத்துப்போயிட்டா என்றே சொல். தூங்குகிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதே, எழுப்பப் பார்ப்பான்.

உனக்கும் அழுகை வரும். எனக்குப் பிறகு உனக்கென்று யாரும் இல்லை, தம்பி என்கிற பாரம்தான் மிச்சம் என்று நினைக்கிறாய். நீ வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் பெற்றவளுக்குத் தெரியாதா? அப்பாவுக்காக அவன் அழுத அன்று நானும் உடைந்துவிட்டேன். அவன் தன் அழுகையை நிறுத்திவிட்டு, சட்டை நுனியால் என் மூக்கைத் துடைத்துவிட்டான். நீ அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள், கண்ணு.

ரெண்டு பேரும் நல்லா இருங்கள்.

அம்மா