ஆறரை மணிக்குப் பத்து வாக்கியம்

இன்றைக்கும் காலை ஆறரைக்குப் படகில் போன் அலறியது. அலாரம்தான். உன் பெயரில் நான் வைத்தது. அழிக்க ஒரு நொடி போதும், விரல் போகமாட்டேன் என்கிறது. பாம்பூஃப்ளாட் துறையிலிருந்து அக்கரையில் சாத்தம் போய்ச் சேரும்வரை போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த விளம்பரத்தை முதலில் பார்த்தவள் நீ. வியட்நாமில் மழலையர் பள்ளி. டீச்சர் டிரெய்னிங் வேண்டாம், அந்த ஊர் பாஷை வேண்டாம், இங்கிலீஷ் பேசினால் போதும் என்று போட்டிருந்தது. "நீயே போயேன்டி" என்று என்னிடம்தான் முதலில் நீட்டினாய். அம்மாவுக்கு முடியவில்லை என்று சாக்குச் சொன்னேன். உண்மை என்னவென்றால், பயம். நீ விடவில்லை. "அப்ப நான் போறேன். நம்மகிட்ட இல்லாததெல்லாம் அவன் வேணாம்னுட்டான். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறான். அது உங்கிட்ட இருக்குல்ல யார்?" என்றாய். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நீ. உனக்கு வீட்டில் தமிழ், கடைவீதியில் இந்தி; தோழி என்னை 'யார்' என்று கூப்பிடுவதும் அந்த இந்திதான். இங்கிலீஷ் என்றால் 'தேங்க்யூ'வைத் தாண்டாது.

இன்டர்வியூ வீடியோ காலில், உன் வீட்டுப் பின்னறையில். கேமராவை அணைத்துவிட்டு, "இது தீவு மேடம், இங்கே நெட்வொர்க் சரியாக இருக்காது" என்று இங்கிலீஷில் சொன்னேன். கேள்வி கேட்ட அந்தம்மா உடனே பாவப்பட்டாள். உன் பெயரை என் பெயராகச் சொன்னேன். குழந்தைகளைப் பிடிக்குமா என்று கேட்டபோது, நீ துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாய். வேலை கிடைத்தது. என் குரலுக்குக் கிடைத்த வேலைக்கு நீ விமானம் ஏறினாய்.

அப்புறம் தினமும் இந்தப் படகில்தான் பாடம். இங்கே ஆறரை என்றால் உனக்கு எட்டு, எட்டரைக்கு வகுப்பு. நான் பத்து வாக்கியம் எழுதி வந்து சொல்வேன், நீ திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்வாய். "திஸ் இஸ் எ டக்" என்று நான் கத்துவதைக் கேட்டு எதிரே உட்காரும் வங்காளி மீன்காரர், "தீதி, ஆஜ் பத்தக் தைரேகா?" என்பார். அக்கா, இன்றைக்கு வாத்து நீந்துமா என்று கிண்டல். எனக்கும் சிரிப்பு வரும். அந்த நாலு மாதம் நானும்தான் டீச்சராக இருந்தேன்.

உன் அம்மா ஒருநாள் சாயங்காலம் படகுத்துறையில் ஊரே கேட்கச் சொன்னாள்: "எம்பொண்ணு ஃபாரின்ல டீச்சரு. நீ பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சிட்டு இன்னும் லாட்ஜ்ல சாவி எடுத்துக் குடுத்துட்டிருக்கே. எதுக்கும் ஒரு துணிச்சல் வேணும்மா." அவளுக்கு எதுவும் தெரியாது, தெரியாமல்தான் சொன்னாள். ஆனாலும் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை அவளிடம் காட்ட முடியுமா? உன்னிடம் காட்டினேன்.

மறுநாள் உன் வகுப்பைப் பார்க்கக் குழந்தைகளின் பெற்றோர் வருவதாக இருந்தது. "மறந்துடாதடி, நாளைக்கு நீ இல்லேன்னா நான் காலி" என்று சொல்லியிருந்தாய். மறக்கவில்லை. வாக்கியங்களை எழுதியும் வைத்திருந்தேன். ஆறரைக்கு நீ கூப்பிட்டாய். நாலு தடவை. உன் பெயர் மின்னி மின்னி அணைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. ஒருநாள் தவிக்கட்டுமே என்று நினைத்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

சாயங்காலம் நீயே பேசினாய். பெற்றோர் எதிரில் வாயில் வார்த்தையே வரவில்லையாம். மறுநாளிலிருந்து பள்ளிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வேலையாம், இஷ்டமிருந்தால் இரு என்றார்களாம்.

"நெட்வொர்க் இல்லடி" என்றேன்.

"சரி விடு யார், தீவுதானே" என்றாய். பிறகு மெதுவாக, "ஆனா நாலு தடவையும் ரிங் முழுசாப் போச்சு" என்றாய். அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். உன்மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஊருக்குத் திரும்பி வந்திருக்கலாம் இல்லையா? உன் அம்மா தலைநிமிர்ந்து நடக்கிறாள் என்று அங்கேயே கிடந்தாய். என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாய். பாத்திரம் கழுவப் பாடம் எதற்கு? மூன்று மாதம் கழித்து டெங்கு. ஒரு சின்னப் பெட்டியில் சாம்பலாக வந்தாய்.

உன் படத்துக்குக் கீழே 'ஆசிரியை' என்று எழுதி மாட்டியிருக்கிறாள் உன் அம்மா. நேற்று படகுத்துறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் தினம் காலைல எம்பொண்ணோட பேசினது நீ ஒருத்திதாம்மா" என்று அழுதாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இப்போது படகில் டவர் முழுசாக நிற்கிறது. மீன்காரர் வாத்தைப் பற்றிக் கேட்பதில்லை. அன்றைக்கு உனக்காக எழுதிய தாள் இன்னும் என் பைக்குள் இருக்கிறது, மடிப்பில் கிழிந்துபோய். பத்து வாக்கியம். முதல் வாக்கியம்: "குட் மார்னிங், ஐ ஆம் யுவர் டீச்சர்."