மைக்கோ செத்த ஞாயிற்றுக்கிழமை

கார்ரிக்மோய்,
ஸ்லைகோ.
16 செப்டம்பர் 1987

அன்புள்ள லோர்கனுக்கு,

மழைக்கு முன்னால் முட்டி வலிப்பதைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, டொரொண்டோவில் நீயும் உன் தங்கை மேவும் அவள் வீட்டுக்காரர் டெஸ்ஸும் பிள்ளைகளும் அதேபோல் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இதைத் தொலைபேசியில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம். நீ விமானம் ஏறிய மூன்றாம் வாரம், ஆறாம் தேதி ஞாயிறு மாலை, தொலைக்காட்சித் தொடரில் உன் மைக்கோவைச் சாகடித்துவிட்டார்கள். ஒன்பது வருஷம் வாரத்துக்கு நாலு வரி பேசி, அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போன மனுஷன் வயல் கதவோரம் விழுந்து கிடந்தார். நீயே நடித்துக் கொடுத்துவிட்டுப் போன காட்சிதான். ஆனால் அதை ஊர் பார்த்த பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது.

மறுநாள் மாலை எல்லாரும் பால் கறந்து முடித்த நேரம், பக்கத்துப் பண்ணை பிரைடி கில்காய்ன் ஒரு தட்டு ஹாம் சாண்ட்விச்சோடு வாசலில் நிற்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க துக்கத்துல எங்களுக்கும் பங்குண்டு டீச்சர் என்றாள். எனக்கென்னடி துக்கம், என் பையன் கனடாவில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்றேன். அது எங்களுக்குத் தெரியாதா, அதுக்காக வராம இருக்க முடியுமா, சாவு சாவுதானே என்றாள். அவள் பின்னாலேயே ஏழெட்டுப் பேர், கெட்டிலை நாலு தரம் அடுப்பில் ஏற்றினேன். பிரைடி அதோடு விடவில்லை, மைக்கோ பேரில் பூசைக்கும் பணம் கொடுத்திருக்கிறாள். புதிதாக வந்திருக்கும் ஃபாதர் காலியின் வீட்டில் டிவி கிடையாது, பாவம் அவருக்கு என்ன தெரியும், போன ஞாயிறு பீடத்திலிருந்து இறந்தவர்கள் பெயரை வாசிக்கும்போது மைக்கோ ஹார்ட் என்று சேர்த்து வாசித்துவிட்டார். கோயில் முழுக்க ஆமென் சொன்னது, ஒருத்தர் சிரிக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அவர் காது வரைக்கும் சிவந்துபோய், ஒருத்தராவது சொல்லக்கூடாதா என்று கேட்க, நீங்க நல்லாத்தான் வாசிச்சீங்க ஃபாதர், விடுங்க என்று இவர்கள் அவருக்கு ஆறுதல் சொன்னார்களாம்.

ஆம்ப்ரோஸ் ஃபீனி வந்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். மாவட்ட அலுவலக வேலையை விட்டு நீ நாடகத்துக்குப் போனபோது, உங்க பையன் சம்பளம் வாங்கிட்டுப் பொய் சொல்லக் கிளம்பிட்டானாமே என்று கடைத்தெருவில் வைத்துக் கேட்ட அதே ஆம்ப்ரோஸ். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு டீ குடித்தார். கிளம்பும்போது, ஞாயித்துக்கிழமைன்னா எங்க வீட்டுக்கு வர்ற ஒரே ஆளு அவன்தான் டீச்சர், இனிமே யாரு வருவா என்று கேட்டார். மிச்சமிருந்த சாண்ட்விச்சைப் பொட்டலம் கட்டி அவர் கையில் கொடுத்தனுப்பினேன்.

விமான நிலையத்தில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. மைக்கோவை விட்டா முப்பது வருஷத்தில் பதினோரு பாதிரியார், ஆறு போலீஸ்காரர், ஒரு பிணம், ஐம்பத்திரண்டு வயசுல இதுதாம்மா என் கணக்கு, இனி யாரும் என்னைக் கூப்பிடப் போறதில்லை என்றாய். நாற்பது வருஷம் வகுப்பெடுத்தவள் சொல்கிறேன், கேள். முன் பெஞ்சில் கெட்டிக்காரன் வரவில்லையென்றால் வருகைப் பதிவேட்டில் ஒரு கோடு, அவ்வளவுதான். கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பையன் இருப்பான், அவன் வராத அன்றைக்கு வகுப்பே சரியில்லாமல் இருக்கும், ஏனென்று மத்தியானம்தான் புரியும். நீ அந்த மாதிரி நடிகனப்பா. அந்தப் பிண வேஷத்தை நான் டப்ளின் அரங்கில் மூன்றாம் வரிசையிலிருந்து பார்த்தேன், மார்பு அசைகிறதா என்று உற்றுப் பார்த்து எனக்குத்தான் மூச்சு நின்றது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாமல் விட்டது என் தப்பு.

இன்னொரு தப்பும் செய்துவிட்டேன். உன் பேருக்கு வந்த இரங்கல் அட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, அதுவும் ஒன்று என்று நினைத்து கால்வேயிலிருந்து வந்த கடிதத்தையும் பிரித்துவிட்டேன். அங்குள்ள நாடகக் குழு எழுதியிருக்கிறது. ஜனவரியில் புது நாடகம், ஊருக்குத் திரும்பி வரும் ஒரு தகப்பன் வேடம், முதல் காட்சியிலிருந்து கடைசி வரை மேடையில் நிற்கிற வேடம். முப்பதாம் தேதிக்குள் பதில் கேட்கிறார்கள். கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அவர்களைக் கூப்பிட்டு நீ வருவாய் என்று சொல்ல இரண்டு தரம் தொலைபேசியை எடுத்தேன், இரண்டு தரமும் திரும்ப வைத்துவிட்டேன், பிள்ளைக்காக வாத்தியார் பரீட்சை எழுதக்கூடாது. டெஸ் தன் கிடங்கில் தரும் வேலையும் மரியாதையான வேலைதான், அதை எடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. எதுவானாலும் முப்பதாம் தேதிக்குள் அவர்களுக்கு நீயே பதில் சொல், உங்களுக்குக் காலை ஒன்பது என்றால் இங்கே மத்தியானம் இரண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொள். மேவுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள், கடவுள் உங்கள் எல்லாரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். வேண்டாம் என்று முடிவு செய்தால் நானாகத்தான் விட்டேன் என்று சொல் லோர்கன், யாரும் கூப்பிடவில்லை என்று மட்டும் இனிமேல் சொல்லாதே.

உன் அம்மா,
அட்ராக்டா டான்சி